கடலில் நடந்த மாமா

என் மாமனார் தியாகராசா கடலில் நடந்துகொண்டிருக்கிறார் என்று டொரொன்டோவிலிருந்து செய்தி வந்தபோது, அவர் எனக்கு எதிரே இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொல்லி மாமியிடம் கோப்பையை நீட்டினார். போன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

செய்தியை அனுப்பியவர் சாந்தகுமார். மாமா படித்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு டொரொன்டோக் கிளைச் செயலாளர். சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் கூடவே ஒரு படமும் போட்டிருந்தார். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தைக் கரையைத் தாண்டி, நீல நிறத்துக்குள் ஒரு சிவப்புக் கோடு இருநூறு மீற்றர் போய்த் திரும்பியிருந்தது. கீழே எழுதியிருந்தார்: "அனுமாருக்குப் பிறகு கடல் தாண்டினது எங்கட தியாகண்ணைதான். ஆப் செய்த மருமகனிட்டைச் சொல்லி எங்களுக்கும் அந்த வசதியைச் செய்து தரச் சொல்லுங்கோ."

அந்த மருமகன் நான்தான். பெயர் உமாசுதன். அந்தப் பள்ளிக்கூடத்தின் படியைக்கூட நான் மிதித்ததில்லை. பிறந்தது, படித்தது எல்லாம் கொட்டாஞ்சேனை. கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து, மாமா மாமியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு நூற்றி இருபத்தைந்து வயது ஆனதைக் கொண்டாட, உலகமெல்லாம் இருக்கும் பழைய மாணவர்கள் நூறு நாள் நடப்பது, யார் கூடிய தூரம் நடக்கிறாரோ அவருக்குச் சங்கத்தின் இராப்போசனத்தில் கிண்ணம் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். தூரத்தை அளக்க ஒரு செயலி வேண்டும் என்ற பேச்சு வந்ததும் மாமா எழுந்து, "என்ர மருமகன் செய்து தருவார்" என்று சபையில் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகனும் மகன் மாதிரித்தான் என்பார்கள். மகனென்றால் ஏலாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். மருமகனுக்கு அந்த வசதி கிடையாது.

எனக்கும் மாமாவுக்கும் பகை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை, அவ்வளவுதான். மூன்று வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். எனக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று அவர் தன் மகளிடம் கேட்பார். அவருக்குப் பேப்பர் வேண்டுமா என்று நான் மாமியிடம் கேட்பேன். அவர் என்னை "நீங்கள்" என்பார், நான் "மாமா" என்பேன். அதற்கு மேல் போனால் மரியாதை கெட்டுவிடும் என்று இருவருமே பயந்துகொண்டிருந்தோம்.

போன வருடம் மாமாவுக்கு நெஞ்சில் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் கட்டிலுக்கும் பல்கனிக்கும் இடையில்தான் வாழ்ந்தார். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னார், மாமி சொன்னார், என் மனைவி நிருஷா அழுதுகூடப் பார்த்தாள். அசையவில்லை. காலி வீதி என்ற பெருந்தெருவைக் கடக்கும்போது நெஞ்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்பார். அந்த மனுசன்தான், நூறு நாள் நடை தொடங்கிய அன்று விடியவே கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்று, முதன்முதலாக என்னிடமே நேரே கேட்டார்: "தம்பி, இதில எதை அமத்துறது?"

"தொடங்கு எண்டதை அமத்துங்கோ மாமா. மிச்சத்தை அது பாக்கும்."

அது நன்றாகத்தான் பார்த்தது. ஒரு மாதத்தில் மாமா முதலாம் இடத்துக்கு வந்தார். தொண்ணூற்றிரண்டாம் நாள், சாந்தகுமாரின் செய்தி வந்த வெள்ளிக்கிழமை, மாமாவின் பெயருக்கு நேரே எண்ணூற்றிப் பதினொரு கிலோமீற்றர் நின்றது. இரண்டாம் இடத்தில் இருந்த டொரொன்டோக்காரருக்கு ஐந்நூற்றி நாற்பது. மாமி கிண்ணம் வைக்க ஷோகேசில் இடம் ஒதுக்கிவிட்டார்.

நான் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்ச் செயலியில் மாமாவின் சிவப்புக் கோட்டைத் திறந்து பார்த்தேன். இடியப்பத்துக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து அவர் நூற்றி நாற்பது மீற்றர் நடந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே இன்னொரு பத்து மீற்றர் நடந்தார். எட்டிப் பார்த்தேன். சொதி குடித்துக்கொண்டிருந்தார்.

"முடி" என்பதை அமத்த வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. காலையில் தொடங்கினால் படுக்கும் வரை செயலி ஓடுகிறது. வீட்டுக்குள் செய்மதியின் ஜிபிஎஸ் சமிக்ஞை சரியாகக் கிடைக்காது. கிடைப்பதும் எதிரே நிற்கும் பன்னிரண்டு மாடிச் சுவரில் பட்டுத் தெறித்து வருவது. போன் மேசையில் அசையாமல் கிடந்தாலும், ஒருமுறை கடலுக்குள் நிற்கிறேன் என்று சொல்லும், ஒருமுறை காலி வீதியில் நிற்கிறேன் என்று சொல்லும். நான் எழுதிய செயலி இரண்டுக்கும் இடையில் கோடு போட்டு, அதை மாமா நடந்த தூரமாகக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

இதில் செய்மதியைக் குறை சொல்ல வழியில்லை. அது அனுப்பும் ஒவ்வொரு இடத்தோடும் ஓர் எண் சேர்ந்து வரும்: இதில் இத்தனை மீற்றர் பிழை இருக்கலாம் என்று. மாமா கடலில் நின்ற நேரத்தில் அந்த எண் நூற்றி எண்பது. தனக்கு நிச்சயமில்லை என்று அது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. நான் அந்த எண்ணைச் சேமித்து வைத்தேனே தவிர, ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. செயலியைச் சோதித்தது காலிமுகத்திடலில். தலைக்கு மேல் திறந்த வானம், பிழை நாலு மீற்றர். எனக்கு அப்போது இருந்த பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நிருஷாவிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சரியாப் பார்த்தா அப்பா எவ்வளவு நடந்திருப்பார்?"

"தெரியாது. கால்வாசியோ, மூண்டில ஒண்டோ."

"அதை அவருக்குச் சொல்லப் போறீங்களோ?"

"சொல்லாமல்? சனிக்கிழமை கழிஞ்சு அடுத்த சனி கிண்ணம் குடுக்கினம். மருமகன் ஆப் செய்ய மாமா முதலாம் இடம். கள்ளன் எண்டு எழுதி ஒட்டின மாதிரித்தான். இப்பவே டொரொன்டோவில சிரிக்கினம்."

"சிரிக்கட்டும். அப்பா நடக்கிறார் எல்லே. அந்த நம்பரைப் பாத்துத்தான் அந்தாள் எழும்பி நடக்கிறார். அதைப் பிடுங்கினீங்கள் எண்டால் திரும்பப் பல்கனியிலதான் இருப்பார். அவர் நடக்கிறதை நிப்பாட்டினார் எண்டால் நான் உங்களோட கதைக்க மாட்டன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டால் மாமாவின் பெயர் கெடும். திருத்தினால் மாமாவின் நெஞ்சு கெடும். சொந்தப் பிழையால் வந்த சிக்கலில் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. திருத்தத்தை முதலில் செய்வது, சொல்வதைப் பிறகு யோசிப்பது என்று ஒத்திப்போட்டேன்.

முதலில் ரோசத்தில், பத்து மீற்றருக்கு மேல் பிழை இருக்கலாம் என்று வரும் இடங்களை எல்லாம் தள்ளிவிடச் சொல்லி எழுதினேன். காலி வீதியிலிருந்து கடற்கரை வரை எங்கள் ஒழுங்கையால் நடந்து பார்த்தேன். ஒடுங்கிய தெரு, இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். ஒரு சமிக்ஞையும் என் பரீட்சையில் தேறவில்லை. நான் வீட்டு வாசலை விட்டே நகரவில்லை என்று செயலி சாதித்தது. முன்பு பொய்க்கு மேல் பொய் சொன்னது, இப்போது மெய்யையும் சொல்ல மறுத்தது.

பிறகுதான் நிதானம் வந்தது. இருபத்தைந்து மீற்றர் வரை விட்டுக்கொடுத்தேன். பழைய இடத்தைப் புதிது போலக் கொண்டுவந்தால் எடுக்காதே என்றேன். மனிதன் நடக்க முடியாத வேகத்தில் தாவினால் எடுக்காதே என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, காலடியை உணரும் கருவி போனுக்குள்ளேயே இருக்கிறது. கால் அசையவில்லை என்று அது சொன்னால் ஒரு மீற்றர்கூடக் கூட்டாதே என்றேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சனியும் ஞாயிறும் இரண்டு கையிலும் இரண்டு போனோடு அதே ஒழுங்கையில் ஏறி இறங்கினேன். நடுவில் அண்ணாந்து வானத்தையும் பார்த்தேன். பதினோராம் தடவை கடந்தபோது ஓர் அடுக்குமாடியின் காவலாளி வாசலுக்கு வந்துவிட்டார்.

"மாத்தயா, மொனவத ஹொயன்னே?" என்ன தேடுகிறீர்கள் ஐயா என்று சிங்களத்தில் கேட்டார்.

"சட்டலைட்" என்றேன்.

அவரும் அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதற்கும் என் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதற்குப் பிறகு நான் கடக்கும் ஒவ்வொரு தடவையும், கிடைத்துவிட்டதா என்று தலையை ஆட்டிக் கேட்டார். ஞாயிறு பின்னேரம் நடந்த பதினைந்து தடவையும் கிட்டத்தட்ட ஒரே தூரம் வந்தது. கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தலையாட்டினேன். அவருக்கும் சந்தோசம்.

பழைய கணக்கையும் திருத்த வழி இருந்தது. தொண்ணூற்றுச் சொச்சம் நாள் வந்த ஒவ்வொரு இடத்தையும், அதன் பிழையோடும் காலசைவோடும் சேமித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் புதிய முறையில் மீண்டும் ஓடவிட்டேன். டொரொன்டோக்காரர்களுக்குப் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. அவர்கள் அகன்ற தெருக்களில் நடக்கிறார்கள். எங்கள் கொழும்புக்காரர்கள்தான் கொட்டுண்டு கீழே போனார்கள். மாமா எண்ணூற்றுச் சொச்சத்திலிருந்து இருநூற்றி எழுபத்தாறுக்கு வந்தார். முதலாம் இடம் முப்பத்தோராம் இடமானது.

ஆனால் நாள்வாரியாக எடுத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கவில்லை. முதல் நாள் நானூறு மீற்றர். அதாவது காலி வீதிவரை போய்த் திரும்பியிருக்கிறார். பத்தாம் நாள் ஒரு கிலோமீற்றர். முப்பதாம் நாள் இரண்டு. அறுபதாம் நாள் மூன்றரை. இப்போது ஐந்தரை. மழை பெய்த நாட்களைத் தவிர ஒருநாளும் இறங்கவில்லை. பொய்யான எண் தினமும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்க, அதற்கு அடியில் மனுசன் ஒரு படி ஒரு படியாக ஏறிக்கொண்டே இருந்திருக்கிறார். முதலாம் இடத்தில் இருப்பவருக்கு இந்த அவசரம் எதற்கு?

திங்கட்கிழமை பின்னேரம் வேலையிலிருந்து நேரத்தோடு புறப்பட்டு மாமாவைத் தேடிப் போனேன். தேடுவதற்கு இந்த முறை கஷ்டமில்லை. போனில் சரியான இடம் தெரிந்தது. பம்பலப்பிட்டி ஸ்டேசனுக்குக் கொஞ்சம் இப்பால், கடல் பக்கச் சீமெந்துக் கட்டின்மேல் இருந்தார். பக்கத்தில் எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மீரா சாஹிப். எங்கள் கீழ்மாடிக்காரர், காலி வீதியில் புடவைக் கடை வைத்திருந்து இப்போது மகள் மஸாஹிராவிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர், சொல்வதைச் 'செல்லுவது' என்பவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் மாமா எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ மாமா. ஒரு விசயம் சொல்ல வேணும்."

சொன்னேன். நின்றுகொண்டே, பாடம் ஒப்புவிக்கும் பிள்ளை மாதிரிச் சொன்னேன். செயலி பிழை. நீங்கள் வீட்டில் இருந்தபோதும் கூட்டியிருக்கிறது. எண்ணூறு இல்லை, இருநூற்றி எழுபத்தாறு. முதலாம் இடம் இல்லை, முப்பத்தொன்று. சொல்லிவிட்டு அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து கடலைப் பார்த்தேன். ஒரு ரயில் எங்களைக் கடந்து போனது.

சத்தம் அடங்கியதும் மீரா சாஹிப் நானா பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பாடா! கடைசில சென்னீங்களே மகன். இவர் செல்லவே மாட்டாரு. எனக்கு கால் ரெண்டும் போச்சு."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி," என்றார்.

"எப்ப இருந்து?"

"மூண்டாம் நாளில இருந்து. நானும் நானாவும் பக்கத்தில பக்கத்தில நடக்கிறம். அவற்ற கைமணிக்கூடு அறுநூறு மீற்றர் எண்டுது. என்ர போன் அதுக்குள்ள ஏழு கிலோமீற்றர் எண்டுது. எனக்கு விளங்காதோ?"

"அப்ப ஏன் மாமா சொல்லேல்லை?"

அதற்குப் பதிலை நானாதான் சொன்னார். "நான் மொதல்லயே சென்னேன், மருமகன்ட்ட செல்லுங்கண்டு. கேக்கல்ல. என்னா சென்னார் தெரியுமா? பிழைய சரியாக்கி போடலாம், நடங்க நானா, எண்டாரு. ஒவ்வொரு நாளும் இன்னம் கொஞ்சம், இன்னம் கொஞ்சம். நான் வெள்ளவத்தைல பொறந்தவன், எம்பது வயசுக்கு நான் பம்பலப்பிட்டிக்கு நடந்து வந்தது இதுதான் மொத தடவ."

"எழுபத்தொண்டு நானா," என்றார் மாமா.

"இப்ப எம்பது மாதிரித்தான் ஈக்கிது."

மாமா என் பக்கம் திரும்பினார். "சபையில எழும்பி நிண்டு, என்ர மருமகன் செய்வார் எண்டு சொன்னது நான். அதில பிழை எண்டு நானே போய் எப்பிடிச் சொல்லுறது? உங்களிட்டைச் சொன்னாலும் நீங்கள் என்ன நினைப்பியள்? சும்மா செய்து தந்ததுக்குக் குறை சொல்லுறன் எண்டு நினைப்பியள். அதுதான் யோசிச்சனான். அது ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது எண்டு போடுது. நான் அவ்வளவும் நடந்திட்டன் எண்டால் அது பொய் இல்லைத்தானே. டொக்டரிட்டையும் கேட்டனான், மெல்ல மெல்லக் கூட்டலாம் எண்டவர். இப்ப அஞ்சரையில நிக்கிறன். இன்னும் கொஞ்ச நாள் தந்திருந்தியள் எண்டால் பிடிச்சிருப்பன்."

நான் இவருடைய பெருமையைக் காப்பாற்றுவதாக நினைத்து மூன்று நாள் வாய்மூடி இருந்தேன்; அதற்கே என்னை ஒரு நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்ணூறு நாள், தைத்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு, என் பிழைக்குப் பின்னால் நடந்திருக்கிறார். காலி வீதியைக் கடக்கவே பயந்த மனுசன். அழக்கூடாது என்று நினைத்தும் கண் நிறைந்துவிட்டது. அவரும் அதைப் பார்க்காதது போல இருந்தார்.

கட்டின்மேல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதிய கணக்கை அவருடைய போனில் போட்டுக் காட்டினேன். எண்ணூற்றுச் சொச்சம் போய், இருநூற்றி எழுபத்தாறு வந்தது. நாள்வாரிக் கோட்டையும் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் நாளிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசிவரை வந்தார்.

"இது முழுக்க நான் நடந்ததோ?"

"ஓம் மாமா. ஒரு மீற்றர்கூட நான் கூட்டிப் போடேல்லை."

"பிழை இருக்காதோ?"

"ஒழுங்கைக்குள்ள கொஞ்சம் இருக்கும். ஒரு நாளைக்கு அம்பது அறுபது மீற்றர் அங்கால இங்கால."

"அது பரவாயில்லை," என்றார். போனை நானாவிடம் நீட்டினார். "பாருங்கோ நானா. நானூறு மீற்றரில தொடங்கினது."

அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோசத்தை, முதலாம் இடத்தில் இருந்த அந்த இரண்டு மாதத்தில் நான் ஒருநாளும் கண்டதில்லை. நிருஷா பயந்தது நடக்காது என்று எனக்கு நிம்மதி வந்தது.

"சாந்தகுமாருக்கு என்ன சொல்லப் போறியள்?" என்று கேட்டார். "சட்டலைட்டில ஏதோ கோளாறு எண்டு சொல்லி விடுங்கோவன்."

"இல்லை மாமா. சட்டலைட் தனக்கு நிச்சயமில்லை எண்டு ஒவ்வொரு தடவையும் சொன்னது. நான்தான் கேக்கேல்லை. அதையே எழுதப் போறன்."

அங்கேயே இருந்து, பல நாட்டுக்காரரும் இருக்கும் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவுக்கு எழுதினேன். தூரக் கணக்கில் நான் விட்ட பிழை, அது எப்படி வந்தது, எப்படித் திருத்தினேன், புதிய வரிசை எது. அனுப்பும் முன் வாசிக்கக் கொடுத்தேன். மாமா ஆற அமர வாசித்துவந்து ஓரிடத்தில் நின்றார். வேறு யாருடைய பெயரையும் அங்கே நான் எழுதவில்லை. இந்தப் பிழையை முதலில் கண்டுபிடித்தது என் மாமா தியாகராசா, அவர் இப்போது முப்பத்தோராம் இடத்தில் இருக்கிறார் என்று மட்டும் எழுதியிருந்தேன். சபைக்குப் போகும் கடிதத்தில் 'என் மாமா' என்று எழுதியது சரியில்லை என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"திரு எண்டு மாத்திவிடட்டோ மாமா?"

அவர் போனை என் கையில் திருப்பித் தந்தார்.

"வேண்டாம். அப்பிடியே அனுப்புங்கோ," என்றார்.